படுதாவுக்கு முன்பக்கம்

கண்காட்சிக்கு உதவுவதற்கு என்ன வேண்டும் என்று ஞானஜோதி கேட்டபோது, சிவசங்கரி ஒரு நாற்காலி கேட்டாள்.

"நாற்காலியாக்கா? வீட்டுக்கு எடுத்துட்டுப் போகவா?"

"ஊட்டுக்குக் கொண்டு போயி நான் என்னத்தப் பண்ணட்டும்? உக்காரதுக்குத்தானுங்க மேடம். கண்காட்சியத் தொறக்கற உத்காடனத்தன்னிக்கி முன் வரிசைல நடுவால ஒண்ணு போட்டுக் குடுங்க. பாட்டு முடியற மட்டும் என்னைய ஆரும் எந்திரிக்கச் சொல்லக் கூடாது. அத்தனதான்."

ஞானஜோதி சிரித்தாள். சிரித்த பிறகுதான் அந்த அம்மாள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

ஞானஜோதி அந்த மியூசியத்தின் பொறுப்பாளர். இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்து, திருச்சூரில் படித்து, பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூருக்கு வேலையாக வந்தவள். மியூசியம் என்றதும் பெரிய மாளிகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றோரமாக வெகுகாலம் பூட்டிக் கிடந்த ஒரு நெல் மில்லை மராமத்துப் பார்த்து, வெள்ளையடித்து, விளக்குப் போட்டிருந்தார்கள். அங்கே இந்த வருடம் அவள் வைக்கிற கண்காட்சிக்கு 'அணியறை' என்று பெயர். பேச்சே இல்லாமல் எல்லாவற்றையும் பாட்டாகவே பாடி நடிக்கிற நாடகங்கள் உண்டல்லவா, அவற்றில் படுதாவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று ஜனங்களுக்குக் காட்டுவது. இடி முழங்குவதற்கு ஆட்டுகிற தகரத் தகடு, படுதாவை ஏற்றி இறக்கும் கப்பியும் கயிறும், அரிதாரப் பெட்டி, ரசம் போன கண்ணாடி, கால் ஆர்மோனியம், ராஜா உடுப்பு என்று ஊர் ஊராகப் போய்ச் சேகரித்திருந்தாள். நாடகம் பார்த்தவர்கள் ஒருவரும் பார்த்திராத சாமான்கள்.

சிவசங்கரி பார்த்ததெல்லாம் அவற்றை மட்டும்தான்.

நல்லேப்பிள்ளியில் முன்பு ஒரு நாடக செட்டு இருந்தது. சிவசங்கரி அதில் உடுப்புக்காரி. தையல் தெரிந்த பெண் என்று, ஒரு நோன்பித் திருவிழா சமயத்தில் கிழிந்த அங்கியைத் தைத்துக் கொடுக்கக் கூட்டிப் போனார்கள். பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றுவிட்டாள். பாலக்காடு, பொள்ளாச்சி, ஆனைகட்டி என்று திருவிழா எங்கேயோ செட்டும் அங்கே. அப்புறம் முதலாளி செத்துப் போனார், செட்டு கலைந்தது, இவளுக்குக் கல்யாணமானது. இப்போது சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் ஜாக்கெட் தைக்கிறாள். போன காலத்தை நினைத்து ஏங்குகிறவள் இல்லை அவள். செட்டில் இருந்தபோது நேரத்துக்குச் சோறு கிடைக்காது, கால் நீட்டிப் படுக்க இடம் கிடைக்காது. இப்போது இரண்டும் கிடைக்கிறது.

மனசில் ஒன்றே ஒன்றுதான் தீராமல் கிடந்தது.

அந்த செட்டு போடுகிற நாடகத்தில், ராஜா தம்பிக்கு மணிமுடியைக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போகிற கட்டம் ஒன்று வரும். 'மாடமே போய் வரட்டா, மாளிகையே போய் வரட்டா' என்று அதற்கு ஒரு பாட்டு. பாட்டு தொடங்கும்போது அவர் ராஜா. முடியும்போது காவி கட்டிய ஆண்டி. நடுவில் மேடையை விட்டு உள்ளே போகமாட்டார். ஜனங்களின் கண்ணெதிரே, பாடிக்கொண்டே மாறவேண்டும். செட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் கட்டம்தான்.

அதன் சூட்சுமம் இது. பின்படுதாவில் அரண்மனைத் தூண்கள் வரைந்திருக்கும். நடுத்தூணில் ஆளுயரத்துக்கு ஒரு கிழிசல் விட்டிருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தூணின் நிழல்கோடு என்றுதான் தோன்றும். ராஜா ஒவ்வொரு சரணத்திலும் பின்வாங்கி வந்து, பிரிய மனமில்லாதவர்போல அந்தத் தூணில் முதுகைச் சாய்ப்பார். உடனே கிழிசல் வழியாக இரண்டு கைகள் வரும். அங்கிக்கு முன்னால் இருக்கிற பொத்தானெல்லாம் வெறும் ஜோடனை. திறப்பு முழுக்க முதுகில், கொக்கிகளில் இருக்கிறது. முதல் சரணத்தில் தோள் சால்வை, இரண்டாவதில் அங்கி, மூன்றாவதில் இடுப்புக் கச்சை. கொக்கி கழன்றதும் ராஜா முன்னால் நடப்பார். உடுப்பு படுதாவுக்குப் பின்னால் தங்கிவிடும்; கடைசியில் அடியில் கட்டியிருந்த காவி மட்டும் மிஞ்சும்.

அந்தக் கைகள் சிவசங்கரியுடையவை.

ராஜா வேடம் கட்டியவர் காளிச்சாமி. செட்டில் எல்லோருக்கும் அவர் பாட்டுக்காரர். அவருடைய முதுகு அவளுக்கு மனப்பாடம். இன்றைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, இன்றைக்குச் சாப்பிடாமல் நிற்கிறார், இன்றைக்கு ஊட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று கொக்கியில் கை வைத்ததுமே சொல்லிவிடுவாள். மேல் ஸ்தாயிக்கு ஏறுமுன் விலா இரண்டு பக்கமும் விரிவது அவள் மணிக்கட்டில் தெரியும். ஆனால் அந்தப் பாட்டில் அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. படுதாவுக்கு அந்தப் பக்கம் ஊரே உட்கார்ந்து அழும். விசும்பல் இவளுக்குக் கேட்கும், மூக்கைச் சிந்துவதுகூடக் கேட்கும். எதைப் பார்த்து அழுகிறார்கள்? பாட்டு முடிந்து உள்ளே வருகிற முகத்தில் அதற்கான தடயமே இருக்காது. "அம்முணி, தண்ணி" என்பார். வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

அவருக்குக் குடும்பம் இருந்தது. அவளிடம் கண்ணியம் தவறி ஒரு வார்த்தை பேசியதில்லை, அவளும் அப்படித்தான். அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மட்டும், எல்லாம் முடிந்துபோன பிறகும், அவளுக்கு ஆசை ஆறவில்லை.

அவள் புருஷன் முனீஸ்வரன் அந்த நாடகத்தை முன்னால் உட்கார்ந்து பல தடவை பார்த்தவன். கல்யாணமான புதிதில் அவனிடம் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பாட்டுல பாட்டுக்காரரு மூஞ்சி எப்படி இருக்கும்?"

"பாடறவன் மூஞ்சி எப்படி இருக்கும்? வாயத் தொறந்துட்டு இருக்கும்."

"வெளையாடாதீங்க. அழுவாரா?"

"அழுவற மாதிரியும் இருக்கும். அழுவாத மாதிரியும் இருக்கும்."

"அப்படீன்னா?"

"அப்படீன்னா அப்படித்தான். சோத்தப் போடு."

ஒரு தடவை, அவள் தொல்லை பொறுக்காமல், துண்டைத் தோளில் போட்டு அடுப்படிச் சுவரில் சாய்ந்து நின்று முனீஸ்வரன் பாடியே காட்டினான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு ஏனோ அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

அதனால்தான், காளிச்சாமி ஆனைகட்டியிலிருந்து வந்து அந்த ஒரு பாட்டை மட்டும் பாடிக் கொடுக்க ஒப்புக்கொண்டார் என்று ஞானஜோதி சொன்னபோது, தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்த அவள் கால் நின்றுபோனது.

"என்னக்கா இப்பிடிச் சொல்லுதீங்க?" என்றாள் ஞானஜோதி, நாற்காலி விவகாரம் புரிந்த பிறகு. "நீங்க பின்னால நின்னு உடுப்புக் கழட்டுறதுக்காகத்தானே உங்களத் தேடிப் பிடிச்சேன். கண்காட்சியே பின்னால நிக்கிறவங்களப் பத்தித்தான். பாட்டு முடிஞ்சதும் படுதாவத் தூக்கி, இந்தா இவுகதான் அந்தக் கைன்னு சபைக்குக் காட்டணும்னுல்லாம் நெனச்சு வச்சிருந்தேன். அத்தன பேரும் உங்களப் பாக்கணும்லா?"

"என்னைய ஆரு பாத்து என்னாகோணும்? எனக்குப் பாக்கோணுங்க மேடம்."

"சரிக்கா, நாற்காலி உண்டு," என்றாள் ஞானஜோதி. "அப்ப பின்னால நிக்க ஒரு ஆளத் தயார் பண்ணுங்க."

கிடைத்த ஆள் செல்லத்துரை. மியூசியத்தில் லைட்டு, மோட்டார், தோட்டத்துக்குத் தண்ணி எல்லாம் அவன் பொறுப்பு. ஐம்பதைத் தாண்டியவன். கண்காட்சிக்காக வைத்திருந்த துணிக்கடைப் பொம்மைக்கு ராஜா உடுப்பைப் போட்டு, அதன் முதுகில் சிவசங்கரி அவனுக்குக் கற்றுக்கொடுத்தாள்.

"ஏனக்கா, இந்தக் கொக்கிய எவன் கண்டுபுடிச்சான்? என்ற வெரலுக்கு இது சிக்கவே மாட்டேங்குது."

"ஸ்விட்சுப் பெட்டிக்குள்ள சிக்குதுல்ல? இதுவும் அப்படித்தான். மேல இருந்து கீழ வா. இழுக்காத, கழட்டு."

"பொம்மைன்னா சரி. நாளைக்கி மனுசன் திரும்பி ஒரு அறை வெச்சாருன்னா?"

"அவரு திரும்பவே மாட்டாரு. தூணாட்டம் நிப்பாரு. நீ கழட்டிப் புடிச்சுக்கிட்டயின்னா அவரே தெரிஞ்சுட்டு முன்னால போவாரு."

வரிசை, கொக்கி, எந்தச் சொல்லில் கை வைக்க வேண்டும், கழற்றிய உடுப்பை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று அவள் தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தாள். இரண்டே நாளில் செல்லத்துரை கண்ணை மூடிக்கொண்டு பொம்மையின் உடுப்பைக் கழற்றத் தேர்ந்துவிட்டான்.

உத்காடனத்துக்கு முதல் நாள் மத்தியானம் காளிச்சாமி பஸ்ஸில் வந்து இறங்கினார். எழுபது தாண்டியாகிவிட்டது. உடம்பு வற்றி, தோள் மட்டும் அந்தப் பழைய அகலத்தில் நின்றது.

"அம்முணி, இன்னும் இந்த ஊர்லதான் இருக்கறயா?"

"வேற எங்கீங்க போறது?"

"தல நரைச்சுப் போச்சே உனக்கு."

"நரைக்கறதுக்கு உங்களுக்கு அங்க ஒண்ணுமே இல்லீங்களே."

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். ஒத்திகை என்று பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. தொண்டையைக் கட்டிக் காக்க வேண்டும் என்று அவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார். செல்லத்துரை பார்த்துக்கொள்ளட்டும் என்று சிவசங்கரியே ஒரு தடவை கிழிசலுக்குள் கை விட்டுக் கழற்றிக் காட்டினாள். முதுகு அந்தப் பழைய முதுகுதான், எலும்பு மட்டும் கூடுதலாகத் தட்டுப்பட்டது. "மூட்டு வலிக்குது, போதும் போ" என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

நாளைக்குப் பின்னால் நிற்கப்போவது தான் இல்லை என்று அவள் அவரிடம் சொல்லவில்லை. செல்லத்துரையையும் சொல்ல விடவில்லை.

"ஏனக்கா, சொன்னா என்ன?"

"சொன்னா முன்னால என்னையத் தேடுவாரு. என்னையப் பாத்துப் பாடுவாரு. எனக்கு அது வேண்டாம். ஊருக்கெல்லாம் பாடுன மாதிரியே பாடோணும்."

மறுநாள் சாயங்காலம் மியூசிய முற்றத்தில் பந்தல் நிரம்பியிருந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், மலையாளத்தில் இரண்டு பேரும் தமிழில் ஒருவரும் பேசினார்கள். விளக்கேற்றினதைப் படம் பிடித்ததும் பத்திரிகைக்காரர்கள் வழக்கம்போல டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். சிவசங்கரி பட்டுச்சேலை கட்டி, முன் வரிசையில் நடு நாற்காலியில், பேச்சு தொடங்குவதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். முனீஸ்வரன் பக்கத்து நாற்காலியில் கைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன அம்முணி, பொண்ணு பாக்க வந்திருந்தப்ப உக்காந்த மாதிரியே உக்காந்திருக்கற?"

"பேசாம இருங்க."

"அன்னிக்கிக்கூட என்ற மூஞ்சிய நீ இத்தன ஆசையாப் பாக்கல."

"அதுல பாக்கறதுக்கு என்ன இருந்துச்சு? பேசாம போனப் புடிங்க. பாட்டு பூராவும் வரோணும்."

ஆர்மோனியம் இழுத்தது. முன்படுதா மேலே போனது. நடுத்தூணுக்கு முன்னால், அரிதாரமும் டோப்பா முடியும் சால்வையுமாகக் காளிச்சாமி நின்றார். தான் தைத்த அங்கிக்கு முன்பக்கம் இத்தனை ஜரிகை இருக்கிறது என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

'மாடமே போய் வரட்டா...'

குரல் வயசாகித்தான் இருந்தது. அதனால் என்ன? அவள் குரலைக் கேட்க வரவில்லை. முகத்தைப் பார்த்தாள். அவர் அழவில்லை. கண் ஜனங்களின் தலைக்கு மேலே எங்கேயோ நின்றது. புருவம் லேசாக உயர்ந்து, தாடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாடுகிற முகமாகவே இல்லை அது. காது கொடுத்துக் கேட்கிற முகம். போகப்போகிறவன், பின்னாலிருந்து யாராவது ஒரு குரல் கொடுக்கமாட்டார்களா என்று நிற்கிற முகம். அழுகிற மாதிரியும் இருந்தது, அழாத மாதிரியும் இருந்தது. மனுசன் அன்றைக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று புருஷனைப் பற்றி நினைத்துக்கொண்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை, துடைத்தால் அந்த நேரம் பார்வை போய்விடும்.

ராஜா பின்வாங்கித் தூணில் சாய்ந்தார். தோளுக்குப் பின்னால் செல்லத்துரையின் விரல்கள் அசைவது, தெரிந்தவளுக்கு மட்டும் தெரிந்தது. கழற்றிவிட்டான், நல்ல பிள்ளை. இனி ராஜா முன்னால் நடக்க வேண்டியதுதான்.

'மாளிகையே போய் வரட்டா...' என்று அவர் அந்த அடியைத் திருப்பிப் பாடினார். நடக்கவில்லை.

மறுபடியும் அதே அடி. ஆர்மோனியக்காரர் ஒரு கணம் திகைத்து, பிறகு கூடவே போனார். பந்தலில் யாரோ "சபாஷ்" என்றார்கள். கிழவர் அனுபவித்துப் பாடுகிறார் என்று பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். மறுபடியும் 'மாளிகையே போய் வரட்டா'. சால்வை அவர் முதுகுக்கும் படுதாவுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து இழுக்க இழுக்க வரவில்லை.

"என்ன இந்த மனுசன், போறேன் போறேன்னுட்டுப் போகவே மாட்டேங்கறான்?" என்றான் முனீஸ்வரன், கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடியே.

அப்போது அவளுக்கு விளங்கியது.

அந்தக் காலத்தில் கொக்கி எல்லாம் கழன்றதும், உடுப்பை இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையால் அவர் முதுகில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டுவாள். குழந்தைக்குச் சட்டை மாட்டிவிட்டு, சரி போ என்று தட்டுவோமே, அந்தத் தட்டு. அதை அவள் வேலை என்று நினைத்ததே இல்லை. கை தானாகச் செய்தது. அதனால்தான் செல்லத்துரைக்குச் சொல்லத் தோன்றவில்லை. கொக்கி கழன்றது அவருக்கு எப்படித் தெரியும்? பின்னாலிருந்து இழுத்தால் இன்னும் மாட்டியிருக்கிறது என்றுதான் நினைப்பார். அவர் நம்பியிருந்ததெல்லாம் அந்தத் தட்டை மட்டும். அது வருகிற வரைக்கும் அடியைத் திருப்பித் திருப்பிப் பாடுவார். வந்தால்தான் நடப்பார். ஊரெல்லாம் பார்த்து அழுத அந்த முகம், அதற்காகத்தான் காத்துக்கொண்டு நின்றது.

எழுந்து போனால் இந்த முகம் போய்விடும். இதற்கப்புறம் அவர் பாடப்போவதில்லை. எழுபது வயசுக்கு மேல் யார் அழைத்து யார் வருவது? எழுந்திருக்காவிட்டால் அவர் நிறுத்தமாட்டார். முழங்கால் நடுங்குவது அங்கிக்கு மேலேயே தெரிந்தது. நெற்றி அரிதாரத்தில் வேர்வை ஒரு கோடு இழுத்துவிட்டது.

இன்னும் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்று அவள் உட்கார்ந்திருந்தாள். 'மாளிகையே' என்று அவர் எடுத்தார்; 'போய்' என்கிற இடத்தில் குரல் உடைந்தது. ஆனாலும் அந்த முகம் மாறவில்லை. தாடை இன்னும் கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்தது, அவ்வளவுதான்.

சிவசங்கரி எழுந்துவிட்டாள்.

"எங்க போற? அம்முணி, எங்க போற?" என்று முனீஸ்வரன் கேட்டதை அவள் காதில் வாங்கவில்லை. பட்டுச்சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். அங்கே கண்காட்சி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் விலகி வழிவிட்டார்கள். அரிதாரப் பெட்டி, கண்ணாடி, ராஜா உடுப்பு இல்லாமல் வெறுமனே நின்ற பொம்மை எல்லாவற்றையும் தாண்டிப் பின்படுதாவுக்கு வந்தாள். தகரத் தகட்டில் தோள் இடித்து அது லேசாக உறுமியது.

செல்லத்துரை சால்வை முனையைப் பிடித்தபடி வேர்த்து வழிந்துகொண்டிருந்தான்.

"அக்கா, சால்வைக் கொக்கி பூராவுங் கழட்டிப்போட்டேன்! மனுசன் நவுரவே மாட்டேங்கறாரு! தள்ளியுடட்டா?"

"நகுரு நீ."

கிழிசலுக்குள் கையை விட்டாள். முதுகு நனைந்திருந்தது. ஒரு தட்டுத் தட்டினாள்.

விலா இரண்டு பக்கமும் விரிந்தது அவள் மணிக்கட்டில் தெரிந்தது. முதுகு அவள் கையை விட்டு விலகிப் போனது. சால்வை அவளிடம் தங்கியது. உடைந்திருந்த குரல் எங்கேயோ போய் ஒரு படி மேலே ஏறி நின்றது. பந்தலில் யாரோ விசும்பினார்கள். படுதாவுக்கு இந்தப் பக்கம் எப்போதும்போல எல்லாம் கேட்டது. இரண்டாம் சரணத்தில் அங்கி, மூன்றாவதில் கச்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. அவள் கண்ணெதிரே இருந்ததெல்லாம் படுதாவின் பின்துணி, அதில் வர்ணம் ஊறிய கறை.

கைதட்டல் ஓயுமுன் காளிச்சாமி காவி வேட்டியோடு உள்ளே வந்து, கிடைத்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அம்முணி, தண்ணி."

கொடுத்தாள். குடித்து முடித்து, தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"மொத சரணத்துக்கு ஏன் அத்தன நேரம்? கொக்கி மாட்டிக்கிச்சா?"

"நான் பின்னால இல்லீங்க. முன்னால உக்காந்திருந்தேன்."

"முன்னாலயா? அங்க எதுக்குப் போன?"

"உங்க மூஞ்சியப் பாக்கறதுக்குங்க. அந்தப் பாட்டுல. நான் பாத்ததே இல்லீங்களே."

தேய்க்கிற கை நின்றது. அரிதாரம் பாதி கலைந்து, அது ராஜா முகமாகவும் இல்லை, கிழவர் முகமாகவும் இல்லை.

"நானும் பாத்ததில்ல," என்றார். "எப்படி இருந்துச்சு?"

இத்தனை வருடமாக அவள் யாரிடமோ கேட்ட கேள்வி அவளிடமே வந்து நின்றது. "ஆரையோ எதிர்பாத்துட்டு நிக்கற மாதிரி இருந்துச்சுங்க," என்றாள்.

"ஆரையோ என்ன? உன்னையத்தான்," என்று சொல்லிவிட்டு மறுபடி எண்ணெயைத் தேய்க்க ஆரம்பித்தார். "நீ தட்டாம நான் எங்க நவுர்றது? துணி கிழிஞ்சு போயிருமல்ல. அந்தத் துண்ட எடு."

துண்டை எடுத்துக் கொடுத்தாள். ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரரிடம் சொன்னது அது; அதில் வேறொன்றும் இல்லை. இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அங்கியை மடிக்கக் கொஞ்சநேரம் பிடித்தது. ஞானஜோதி கலங்கின கண்ணோடு ஓடி வந்து, "அக்கா, இப்பவாது வெளிய வாங்க, ஒருதரம் முகத்தக் காட்டிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "மடிப்பு கெட்டுப் போயிரும் மேடம்" என்று சொல்லி அங்கியை மடித்துக்கொண்டே இருந்தாள்.

வீடு திரும்ப ஏறிய நல்லேப்பிள்ளி பஸ்ஸில் சன்னல் ஓரம் கிடைத்தது. வெளியே அறுத்த வயல்மேல் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. முனீஸ்வரன் கைபேசியை அவள் மடியில் வைத்தான்.

"பூராவும் புடிக்கச் சொன்னயே, புடிச்சிருக்கறேன். பாரு."

அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் எழுந்துபோன பிறகு பாடின இரண்டு சரணமும் இதில் இருக்குமே! தான் முதுகில் தட்டினபோது முகம் என்ன ஆயிற்று என்று இதில் தெரிந்துவிடுமே!

முதலில் அந்த முகம் வந்தது, உள்ளங்கையளவில். 'மாளிகையே போய் வரட்டா.' மறுபடி அதே அடி. மறுபடி. குரல் உடைந்தது. அப்போது படம் ஆடி, மேடை சாய்ந்து, ஒரு பட்டுச்சேலை முதுகு ஓடியது. காலி நாற்காலி. அப்புறம் பக்கவாட்டுக் கதவு. கதவு மூடிக்கொண்டது. படம் அங்கேயே நின்றுவிட்டது.

"ஏனுங்க, பாட்டு எங்க?"

"கேக்குதில்ல?"

"கேக்குது. அவரு எங்க?"

"நீ பாட்டுக்கு எந்திரிச்சு ஓடற. ஒடம்புக்கு என்னமோ ஏதோன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. கதவையே பாத்துட்டு இருந்தேன், எப்ப வருவயோன்னு. போனு கைல இருக்கறதே நெனப்பில்ல."

"அவரு நடந்தப்ப மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு பாக்கலீங்களா?"

"கதவப் பாத்தேன்னு சொல்றனல்ல?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அதோடு வேறொன்றும் வந்தது. தலையைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு இடத்த அடைச்சுட்டு? அழிச்சுப் போடட்டா?" என்றான் முனீஸ்வரன்.

"வேண்டாம். சத்தத்தக் கொஞ்சம் கூட வெய்ங்க."

அவன் கூட்டி வைத்தான். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் கைபேசியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூன்றாம் சரணம் முடிகிற வரைக்கும் அவள் அந்த மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.